பழைய சவுண்ட் மாட்யூல் வாங்கும்போது பார்க்க வேண்டியவை

1987-இல் வெளிவந்த ரோலண்ட் டி-550, 1994-இல் வந்த ஜேவி-1080 போன்ற சவுண்ட் மாட்யூல்களை (விசைப்பலகையின்றி, வேறொரு கருவியால் இயக்கப்பட்டு ஒலியெழுப்பும் மின்னணு இசைப்பெட்டிகளை) வாங்குவோர் முதலில் கவனிக்க வேண்டியது உள்ளிருக்கும் 3 வோல்ட் லித்தியம் பேட்டரியையே. அது தீர்ந்தால் பயனர் சேமித்த ஒலிகள் அழிந்துவிடும்; ஜேவி-1080-இன் ஆயத்த ஒலிகள் நிரந்தர நினைவகத்தில் இருப்பதால் தப்பிக்கும், ஆனால் டி-550-இன் உள் ஒலிகளை மிடி (மின்னணு இசைக்கருவிகளையும் கணினியையும் இணைக்கும் முறை) வழியாக மீண்டும் ஏற்ற வேண்டியிருக்கும். ஆகவே ஓர் ஒலியை மாற்றிச் சேமித்து, மின்சாரத்தைத் துண்டித்து, சற்று நேரம் கழித்து அது இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி மாற்றுவது எளிது, சில மாடல்களில் பற்றவைப்பு தேவைப்பட்டாலும்; அதற்காக நல்ல கருவியை ஒதுக்க வேண்டியதில்லை, விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

பின்னர் மிடி கீபோர்டை இணைத்து, ஒலி தேய்ந்து அடங்கும்வரை நீண்ட சுரங்களை வாசித்து, ஒவ்வொரு வெளியீட்டுத் துளையையும் ஹெட்ஃபோனையும் தனித்தனியே கேளுங்கள். ஒலியளவுக் குமிழைத் திருப்பும்போது எழும் கரகரப்பு பெரும்பாலும் தூசுதான். அமைதியிலும் நீங்காத இரைச்சலோ பழைய கெப்பாசிட்டர்களின் அறிகுறியாக இருக்கலாம். மங்கிய திரையைவிட அழுத்தினால் பதிலளிக்காத பொத்தான்களே அன்றாடம் எரிச்சலூட்டும் என்பது என் கருத்து. ஜப்பானியச் சந்தைக்கான கருவி 100 வோல்ட்டில் இயங்குவது என்பதால், பின்புறத்தில் அச்சிட்டுள்ள மின்னழுத்தத்தைப் படிக்காமல் பிளக்கைச் செருகாதீர்கள்.