டிவி ட்யூனர் அட்டை சொன்னபடி கேட்கவில்லையா?

கணினியில் டிவி பார்க்க உதவும் ட்யூனர் அட்டையைப் பொருத்தியபின் லினக்ஸில் படம் தெரிகிறது, ஆனால் ஒலியும் பிரகாசமும் மாற மறுக்கின்றன என்றால், டிவி பார்க்கும் செயலியை உடனே நீக்கிவிடாதீர்கள். பாவம், அதன்மீது பெரும்பாலும் தவறிருக்காது.

வி4எல்-யூட்டில்ஸ் (v4l-utils) தொகுப்பை நிறுவினால் வி4எல்2-சிடிஎல் (v4l2-ctl) என்ற கட்டளை கிடைக்கும். அதன் லிஸ்ட்-சிடிஆர்எல்எஸ் (--list-ctrls) தெரிவு, அட்டையின் கட்டுப்பாடுகளையும் தற்போதைய மதிப்புகளையும் காட்டும். மியூட் (ஒலியை அடக்கும் கட்டுப்பாடு) 1 என்றிருந்தால் 0 ஆக்குங்கள். சாதனத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தக் கட்டளை வீடியோ0 (/dev/video0) என்ற சாதனத்தையே எடுத்துக்கொள்ளும். வெப்கேமராவும் இருக்கும் கணினியில் அந்த எண் கேமராவுடையதாக இருக்கலாம். நீங்கள் டிவிக்கு என்று நினைத்து கேமராவின் பிரகாசத்தை ஏற்றிக்கொண்டிருப்பீர்கள்! கட்டளை வரி பிடிக்காதவர்களுக்கு க்யூவி4எல்2 (qv4l2) என்ற சாளர நிரல் உண்டு.

மியூட் 0 ஆகியும் ஒலி இல்லையா? பழைய அனலாக் பிசிஐ அட்டைகள் பலவற்றில் ஒலி தனிக் கம்பி வழியாகவே சவுண்ட் கார்டின் லைன்-இன் துளைக்குப் போகும். ஒலி அளவுகளை மாற்றும் ஆல்சாமிக்சர் (alsamixer) நிரலைத் திறந்து பாருங்கள். லைன் பட்டையின் கீழே 'எம்எம்' (MM, ஒலி அடக்கப்பட்டுள்ளது) என்றிருந்தால் எம் விசையை அழுத்தித் திறந்துவிடுங்கள்.

கட்டுப்பாடுகள் சரியாக இருந்தும் எந்தச் சேனலும் வரவில்லையென்றால் கெர்னல் பதிவில் (லினக்ஸின் மையப்பகுதி எழுதிவைக்கும் குறிப்புகளில்) அட்டையின் பெயரைத் தேடுங்கள். பிடிடிவி (bttv), எஸ்ஏஏ7134 (saa7134) போன்ற, அட்டையை இயக்கும் மென்பொருள்களான இயக்கிகள் சில அட்டைகளின் மாதிரியைத் தவறாக ஊகிக்கும். இயக்கியை ஏற்றும்போது கார்டு, ட்யூனர் எண்களை நீங்களே கொடுக்கலாம்.