முகமூடியைக் கொஞ்சம் குனிய வையுங்கள்: நிகழ்கலைச் சேகரிப்பிலிருந்து இணையப் பாடம் தயாரிக்க

மேடைக்கு விளக்குப் போட்டுக்கொண்டிருந்தவன் நான். முழங்கால் ஏணிக்கு ஒத்துவராமல் போனபோது ஒரு நிகழ்கலை அருங்காட்சியகத்தின் கல்விப் பிரிவுக்கு வந்து சேர்ந்தேன். வந்த முதல் வாரமே, சேகரிப்பை வைத்து மாணவர்களுக்கு இணையத்தில் ஏதாவது செய்யுங்கள் என்றார்கள். 14 நிமிட வீடியோ ஒன்று செய்தேன். கேமரா கண்ணாடிப் பெட்டி ஒவ்வொன்றாக நகரும். பின்னால் ஒரு கனத்த குரல் ‘19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இந்த...’ என்று ஆரம்பிக்கும். ஒரு வகுப்பில் போட்டுக் காட்டினோம். மூன்றாவது நிமிடம் பின்வரிசைப் பையன் ஒருவன் மேசையில் தாளம் போட ஆரம்பித்தான். அவனைக் குறை சொல்ல முடியாது. அந்த அறையில் அன்றைக்கு நடந்த ஒரே நிகழ்கலை அதுதான்.

சுவரில் மாட்டிய ஓவியம் முழுசாகவே அங்கே இருக்கிறது. மேடைப் பொருள் அப்படியில்லை. முகமூடிக்கு ஆடுபவரின் கழுத்து வேண்டும், உடைக்கு அந்தக் காலத்து வெளிச்சம் வேண்டும், இசைத்தட்டு சுழல வேண்டும். நம்மிடம் வந்து சேர்வது மிச்சம் மீதிதான். அதனால் பொருளைத் தேர்ந்தெடுக்கும்போதே அதிலிருந்து என்ன கழன்றுபோயிருக்கிறது என்று ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: அசைவா, வெளிச்சமா, சத்தமா, போட்டிருந்த உடம்பா? பாடம் அந்த ஒன்றைத் திருப்பிக் கொடுத்தால் போதும். ஒரு பாடத்துக்கு ஒரு பொருள். இரண்டாவது பொருள் உள்ளே வந்தாலே அது கண்காட்சிச் சுற்றுலா ஆகிவிடும்.

பொருளைத் தேடப் பட்டியலைத் திறக்காதீர்கள். சேமிப்பறையைப் பார்த்துக்கொள்பவரிடம் போங்கள். பட்டியலில் ‘ஆண் மேலாடை, பட்டு, ஜரிகை வேலைப்பாடு, சிறு சேதம்’ என்று இருந்த ஒரு சட்டையைப் பற்றி எங்கள் அறைக்காரம்மா சொன்னார்: “உள்பக்கத்தைப் பாருங்க தம்பி, வெளியே ஒண்ணுமில்ல.” திருப்பினோம். கழுத்துப்பட்டிக்குக் கீழே மூன்று துணித் துண்டுகள் வரிசையாகத் தைத்திருந்தன. ஒவ்வொன்றிலும் மையால் ஒரு பெயர்; மேலே இருந்த இரண்டும் அடிக்கப்பட்டிருந்தன. இடுப்புத் தையலை இரண்டு முறை பிரித்து விரித்திருக்கிறார்கள். பழைய ஊசித் துளைகள் கோடுகோடாகத் தெரிந்தன. அக்குளில் பட்டு வியர்வை குடித்துப் பழுப்பேறி, தொட்டால் உதிரும் நிலை. ‘சிறு சேதம்’ என்றது இதைத்தான்!

அந்தச் சட்டைக்கு நான் எழுதிய பாடத்தில் விளக்கவுரை கிடையாது. நான்கு நெருக்கப் படங்கள், ஒரு கேள்வி: இதை எத்தனை பேர் போட்டார்கள், அவர்கள் ஒரே பருமனா? மாணவர்கள் படத்தைப் பெரிதாக்கித் துளைகளை எண்ணுகிறார்கள். மூன்று என்று உடனே சொல்லிவிடுகிறார்கள். அடுத்த படத்தில் கைமடிப்பும் ஒருமுறை ஏற்றித் தைக்கப்பட்டிருப்பதைப் பார்த்ததும் சண்டை வருகிறது: குட்டையான நான்காவது ஆள் உண்டா, இல்லை அந்த மூவரில் ஒருவருக்குக் கை மட்டும் குட்டையா? விடையைப் பக்கத்தின் அடியில் வைக்காதீர்கள், நேரே அங்கே போய்விடுவார்கள். தனிப் பக்கத்தில் வையுங்கள். எங்களிடம் விடையே இல்லை என்பதையும் அங்கேதான் சொன்னேன்.

இனி படம் எடுப்பது. காப்பாட்சியர் ‘துணிக்கு 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் கூடாது’ (லக்ஸ் என்பது ஒளியின் அளவு) என்று சொன்னபோது, ஆயிரக்கணக்கான வாட் விளக்குகளோடு வாழ்ந்த எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகுதான் புரிந்தது: அது காட்சிக்கு வைக்கும் அளவு. படப்பிடிப்புக்குக் கொஞ்ச நேரம் கூட்டிக்கொள்ள விடுவார்கள். ஆனால் விளக்கு புறஊதா இல்லாத எல்ஈடியாக இருக்க வேண்டும், ஒவ்வொரு ஷாட்டுக்கும் நடுவே அணைக்க வேண்டும், எத்தனை நிமிடம் எரிந்தது என்று குறித்துக் கொடுக்க வேண்டும். சட்டகத்தை, கோணத்தை, ஃபோகஸை எல்லாம் ஒரு பழைய துண்டை வைத்துச் சரிபார்த்துவிட்டு, நிஜப் பொருளைக் கடைசியில் கொண்டுவாருங்கள். நிறம் சரியாக வந்திருக்கிறதா என்று ஒப்பிட வண்ண அட்டை ஒன்று முதல் படத்தில் கட்டாயம்.

அதோடு, எல்லாவற்றையும் ஒரே வெள்ளை வெளிச்சத்தில் எடுத்துவிடாதீர்கள். சமிக்கி தைத்த பழைய மேடை உடையை இன்றைய வெள்ளை விளக்கில் பார்த்தால் மலிவான ஜிகினா மாதிரி இருக்கும். அதைத் தைத்தவர் மனதில் இருந்தது மெழுகுவர்த்தியோ எண்ணெய் விளக்கோ. லண்டன் நாடக அரங்குகளில் 1817இல்தான் எரிவாயு விளக்கு வந்தது. சுண்ணாம்புக் கட்டியைச் சுடரில் பழுக்கக் காய்ச்சும் லைம்லைட் மேடையேறியது 1837இல். அதற்கு முந்தைய உடைக்கு, மஞ்சளான சிறு விளக்கொன்றைத் தரை மட்டத்தில் வைத்துக் கொஞ்சம் அசைத்துப் பாருங்கள். சமிக்கி ஒவ்வொன்றும் தனித்தனியாக மின்னி அணையும். வெள்ளை வெளிச்சப் படத்தையும் இந்தப் பத்து விநாடி வீடியோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு வார்த்தை எழுத வேண்டாம். தோல்பாவைக்கும் இதே வழிதான்: முன்னிருந்து ஒளி விட்டு ஒரு படம், பின்னிருந்து விட்டு ஒரு படம், நடுவே இழுத்துப் பார்க்கும் ஸ்லைடர். மெலிதாகச் சீவிய ஆட்டுத்தோல் பாவை திரையில் வண்ண நிழல் தரும். எருமைத்தோலில் செய்த ஜாவாவின் வயாங் நிழற்கூத்துப் பாவை பெரும்பாலும் கறுப்பு நிழலாகவே விழும், வெட்டிய துளைகள்தான் அதன் கோலம்.

ஜப்பானின் நோ என்ற மரபு நாடகத்தின் முகமூடி இந்த வேலைக்கென்றே செதுக்கியது போல இருக்கும். சைப்ரஸ் வகை மரம், முகத்தைவிடச் சற்றே சிறியது. இளம்பெண் முகமூடியை நேராக வைத்துப் படம் எடுத்தால் ஒன்றுமே இல்லாத முகம். லேசாக நிமிர்த்தினால் மலரும். அதற்கு ‘தெரசு’ என்று பெயர். குனிய வைத்தால் இமைகளின் நிழல் இறங்கி வாடிப்போகும், அது ‘குமொரசு’. மேலிருந்து ஒரே ஒரு விளக்கு, கண்மட்டத்தில் கேமரா, கையுறை போட்ட, பொருள்களைப் பராமரிக்கும் பணியாளர் தாங்கியை மட்டும் மெதுவாகச் சாய்க்கிறார். இரண்டு பக்கமிருந்தும் விளக்குப் போட்டீர்களென்றால் நிழல் செத்துவிடும், முகமூடி எத்தனை சாய்த்தாலும் மாறாது. நான் முதல் தடவை அப்படித்தான் போட்டேன். 18 வருஷம் விளக்குப் போட்டவன்!

இசைத்தட்டில் வேறு சிக்கல். லேபிளில் 78 (நிமிடத்துக்கு 78 சுற்று) என்றிருந்தாலும் அந்த வேகத்தில்தான் பதிந்தார்கள் என்று நம்பிவிடாதீர்கள்; ஆரம்பகாலத் தட்டுகள் 70க்குச் சற்று மேலிருந்து 80 தாண்டி வரை எல்லா வேகத்திலும் உண்டு. 74இல் பதிந்ததை 78இல் ஓட்டினால் ஸ்ருதி ஏறக்குறைய அரைக்கட்டை ஏறிவிடும், பாடகர் அவசரமாகப் பாடுவதாகவும் படும். இரண்டு வேகத்தையும் கேட்க வைத்து, எது மனிதக் குரல் என்று மாணவர்களையே முடிவு செய்யச் சொல்லுங்கள். இன்னொரு பயிற்சி: பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் சுமார் 3 நிமிடம்தான். உங்களுக்குத் தெரிந்த நீளமான பாட்டொன்றை 3 நிமிடத்துக்கு வெட்டுங்கள், எதை விட்டீர்கள் என்று எழுதுங்கள். 1925க்கு முன் ஒலிப்பதிவில் பெரும்பாலும் மைக் கிடையாது, கொம்புக்குழாய்க்குள்தான் பாட வேண்டும் என்பதைப் பயிற்சி முடிந்தபின் சொல்லுங்கள், தலைக்குள் இறங்கும்.

உரிமை விஷயத்தை அலுப்பு என்று தள்ளாதீர்கள். தட்டு நம் அலமாரியில் இருக்கிறது என்பதற்காக அதிலுள்ள பாட்டு நம்முடையது ஆகாது. பாட்டெழுதியவர், இசையமைத்தவர், பாடியவர், பதிவு செய்த நிறுவனம் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனி உரிமை. பாடியவர், ஆடியவரின் உரிமையை 1961 ரோம் உடன்படிக்கையே ஏற்றிருக்கிறது. நாடகப் புகைப்படத்தில் நடிகரைப் பற்றி மட்டும் யோசித்து, எடுத்தவரை மறந்ததால் முடித்து வெளியிட்ட பாடம் ஒன்றை நான் இரவோடு இரவாக இணையத்திலிருந்து நீக்க வேண்டி வந்தது. சடங்கு முகமூடிகள் என்றால் சட்டத்துக்கு முன்னால் அந்தச் சமூகத்தாரிடம் கேளுங்கள். சிலவற்றைப் படமெடுக்கவே கூடாது என்பார்கள். அப்படியென்றால் எடுக்காதீர்கள்.

மற்றதெல்லாம் கை வேலை. மூலப் படம் டிஃப் வடிவில், பக்கத்தில் ஏற்றுவது ஜேபெக். கோப்பின் பெயரில் பதிவேட்டு எண் இருக்கட்டும். ‘ஃபைனல் புதிது 2’ என்று பெயர் வைத்தவர்களைத் தேடிப் பிடித்து இன்றும் திட்டிக்கொண்டிருக்கிறேன். பெரிதாக்கிப் பார்க்க ஐஐஐஎஃப் முறை (அருங்காட்சியகப் படங்களை இணையத்தில் தருவதற்கான பொதுத் தரம்) இருந்தால் நல்லது. வீடியோ 4 நிமிடம் தாண்ட வேண்டாம், சப்டைட்டில் இல்லாமல் வெளியிட வேண்டாம். பார்வையற்றவர்களுக்கான மாற்று உரையில் ‘முகமூடி’ என்று எழுதி ஏமாற்றாதீர்கள்; ‘குனிந்த வெள்ளை முகம், இமைக்குக் கீழே நிழல், வாய் லேசாகத் திறந்திருக்கிறது’ என்று எழுதுங்கள். இந்த வரியை எழுத வராவிட்டால் பொருளை நாம் இன்னும் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

வெளியிடும் முன் ஒரு ஆசிரியரையும் நாலைந்து மாணவர்களையும் உட்கார வைத்து, நீங்கள் பின்னால் நின்று வாயை மூடிக்கொண்டிருங்கள். இதுதான் இருப்பதிலேயே கஷ்டம். எங்கே விரல் நிற்கிறது, எங்கே பக்கத்து ஆளை இடிக்கிறார்கள் என்று குறியுங்கள். சட்டைப் பாடத்தில் நான் பெருமையாக வைத்திருந்த ஜரிகைப் படத்தைத் தாண்டிப் போய், அக்குள் கறையில் எல்லோரும் நின்றார்கள். “இது நிஜமாவே அவங்க வேர்வையா சார்?” என்று ஒரு பெண் கேட்டாள். ஜரிகைப் படத்தை எடுத்துவிட்டேன். கறை முதல் படமாயிற்று.

கடைசியாக, பாடத்தின் முகவரியைப் பட்டியலில் அந்தப் பொருளின் பதிவுக்குள்ளேயே எழுதிவிடுங்கள். அடுத்து வருபவர் அதைப் பார்த்துவிட்டு நம் படங்களையே எடுத்துக்கொள்வார். அந்தச் சட்டை அதற்கப்புறம் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. அறைக்காரம்மாவுக்கு அதில் அவ்வளவு திருப்தி.