நாய் சாக்லேட் தின்றுவிட்டதா? உடனே செய்ய வேண்டியவை

ஊருக்குக் கொடுத்தனுப்ப வாங்கி வைத்திருந்த அரைக் கிலோ சாக்லேட்டை எங்கள் மணி கட்டிலுக்கடியில் இழுத்துப் போய்விட்டான். நான் பார்த்தபோது மீசையெல்லாம் பழுப்பு, காலடியில் சுருண்ட சில்வர் பேப்பர். குன்னூர், ஊட்டி வீடுகளில் யாருக்கும் நடக்கக்கூடியதுதான்.

முதலில், மிச்சத்தைப் பிடுங்கி எடைபோடுங்கள். வாங்கிய அளவிலிருந்து கழித்தால் தின்றது தெரியும். அப்புறம் நாயின் எடை. அதைத் தூக்கிக்கொண்டு எடை மிஷினில் ஏறுங்கள், பிறகு உங்கள் எடையைக் கழியுங்கள்.

அடுத்து, என்ன வகை? நம்மூர்க் கடைகளில் உதிரியாக நிறுத்துத் தருவதில் பெரும்பாலும் லேபிள் இருக்காது. ஒரு துண்டை உடைத்துப் பாருங்கள். கருப்பும் கசப்பும் கூடக்கூட, கோக்கோவில் இருக்கும் தியோப்ரோமின் என்ற பொருள் கூடும். நாயின் உடல் இதை மெதுவாகத்தான் வெளியேற்றும், அதனால்தான் நமக்கு ஒன்றும் செய்யாதது அதற்கு விஷமாகிறது. 10 கிலோ நாய் 100 கிராம் டார்க் சாக்லேட் தின்றால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். மில்க் சாக்லேட் என்றால் அதே 100 கிராமுக்கு வாந்தி, பேதி, பதற்றம் தொடங்கலாம். கேக்குக்குப் போடும் கோக்கோ பவுடர் எல்லாவற்றையும்விட மோசம். உள்ளே உலர்திராட்சை இருந்ததா என்றும் பாருங்கள். அது சிறுநீரகத்தையே கெடுக்கலாம்.

சரி, இப்போதே கால்நடை மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். எடை, வகை, தின்ற நேரம், பேப்பரையும் விழுங்கியதா, எல்லாம் சொல்லுங்கள். "நல்லாத்தானே விளையாடுது" என்று காத்திருக்காதீர்கள். அறிகுறி தெரியவே 2 முதல் 12 மணி நேரம் ஆகலாம். மருந்து கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது தின்ற 2 மணி நேரத்துக்குள் என்றால்தான் நன்றாகப் பலிக்கும். மலைப்பாதையில் பனிமூட்டம் இறங்கினால் வண்டி ஊர்ந்துதான் போகும், அந்த நேரத்தையும் கணக்கில் வையுங்கள்.

உப்புத் தண்ணீர் ஊற்றாதீர்கள், தொண்டையில் விரல் விடாதீர்கள். உப்பே உயிருக்கு ஆபத்தாகலாம். மோர் கொடுத்தாலும் விஷம் முறியாது.

மூச்சிரைப்பு, நடுக்கம், வலிப்பு என்று எது வந்தாலும் போனிலேயே பேசிக்கொண்டிருக்காமல் கிளம்பிவிடுங்கள்.

வீடு திரும்பிய பிறகும் 3 நாள் வரை கவனம் தேவை. தண்ணீர் தாராளமாக வையுங்கள். அடிக்கடி சிறுநீர் கழிக்கக் கூட்டிப் போங்கள். சிறுநீர்ப்பையில் தேங்கினால் தியோப்ரோமின் மறுபடி ரத்தத்தில் கலக்கும். குளிரில் மணி வாசலைத் தாண்ட மாட்டேன் என்றான். ஸ்வெட்டரைப் போட்டுவிட்டு இரவில் நாலு தடவை கூட்டிப் போனேன்.