33 வயது லைன்மேனுக்கு இன்னொரு வருடம் கொடுக்கலாமா? நான் கணக்குப் போடும் விதம்

அமெரிக்கன் ஃபுட்பாலில் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் லைன்மேன் பிராண்டன் கிரஹாம் இனி ஒரு சீசனில் ஆறு சாக் (எதிரணியில் பந்தை எறிபவரைக் கீழே சாய்ப்பது) தாண்ட மாட்டார் என்று 2022 ஆகஸ்டில் அலுவலக நண்பரிடம் பந்தயம் கட்டினேன். தோற்றால் எங்கள் குழுவில் உள்ள பதினாலு பேருக்கும் என் செலவில் மட்டன் பிரியாணி. என் பக்கம் நியாயம் இருப்பதாகத்தான் நினைத்தேன். ஆளுக்கு 34 வயது. முந்தைய செப்டம்பரில்தான் குதிகாலுக்கு மேலே இருக்கும் அக்கிலீஸ் தசைநாண் அறுந்து, அந்த சீசன் முழுக்க வெளியே உட்கார்ந்திருந்தார். 120 கிலோ உடம்பைத் தள்ளிக்கொண்டு ஓடுகிறவருக்கு அது போனால் எல்லாம் போன மாதிரி என்றுதான் ஊரே பேசியது.

டிசம்பரில் ஜயண்ட்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் மூன்று சாக் எடுத்தார். சீசன் முடிவில் மொத்தம் 11. தொழிலில் அது அவருக்கு 13ஆவது சீசன். அதற்கு முன் ஒருமுறைகூட அவர் இரட்டை இலக்கத்தைத் தொட்டதில்லை. நான் வெங்காயம் நறுக்கினேன்.

பிலடெல்பியாவுக்கு ஆற்றைத் தாண்டி நியூ ஜெர்சிப் பக்கம் இருக்கிறவன் நான். ஒப்பந்தங்கள் முடியும் மார்ச் வந்தால் இங்கே எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: அந்தப் பெரியவரை ஈகிள்ஸ் இன்னொரு வருடம் வைத்துக்கொள்ள வேண்டுமா, வேண்டாமா? அந்தப் பிரியாணிக்குப் பிறகு இதற்கு நானே ஒரு முறை வைத்திருக்கிறேன். எந்த அணியின் ரசிகரானாலும் போட்டுப் பார்க்கலாம்.

ஆட்டத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு வரி: டிஃபென்ஸிவ் லைன் என்பது எதிரணியின் தடுப்புச் சுவருக்கு நேர் எதிரே கை ஊன்றி நிற்கும் நாலைந்து பேர். சுவரை உடைத்துப் போய், பந்தை எறிவதற்குள் குவார்ட்டர்பேக்கைக் கீழே சாய்த்தால் அது சாக்.

சாக் எண்ணிக்கையை மறந்துவிட்டு மூன்றாவது குவார்ட்டரைப் பாருங்கள்

ஹைலைட் வீடியோவில் எல்லாக் கிழவனும் குமரன்தான். என்எஃப்எல் லீக்கின் சொந்த வீடியோ சேவையான என்எஃப்எல் பிளஸின் பெரிய சந்தாவில் ஆல்-22 என்று மேலே இருந்து எடுத்த காட்சி கிடைக்கும். அதில் ஒரு ஆட்டத்தை எடுங்கள். எதிரணி பத்து முறைக்கு மேல் விடாமல் பந்தை நகர்த்திய நீளமான டிரைவ் ஒன்று மூன்றாவது அல்லது நாலாவது குவார்ட்டரில் இருக்கும். அதில் நம் ஆளின் எண்ணை மட்டும் பாருங்கள். பந்து எங்கே போனால் நமக்கென்ன.

முதலில், பந்து அசைந்த கணத்தில் நிறுத்துங்கள். பக்கத்தில் நிற்கும் 23 வயதுப் பையனின் கை தரையை விட்டு எழுந்திருக்கும். இவருடைய கை இன்னும் தரையில் இருக்கிறதா? ஒருமுறை என்றால் பரவாயில்லை. டிரைவ் முழுக்க அப்படியே இருந்தால், முதல் எட்டின் வேகம் போய்விட்டது என்று அர்த்தம். ஓரத்தில் நின்று சுற்றிக்கொண்டு ஓடும் எட்ஜ் ஆட்டக்காரருக்கு அது பெரிய அடி. நடுவில் நிற்பவருக்கு அவ்வளவு இல்லை. அவர் கை வேலையிலும் இடுப்பு வலுவிலும் பிழைத்துக்கொள்வார்.

அடுத்தது தோள் உயரம். இரண்டு பேர் சேர்ந்து அவரைத் தள்ளும்போது, அதாவது டபுள் டீமில், தோள் மேலே எழும்பிவிட்டால் ஆள் பின்னால் போகப்போகிறார். என் மாமனார் ஊரிலிருந்து வந்திருந்தபோது என்னோடு உட்கார்ந்து ஒரு ஆட்டம் பார்த்தார். விதி ஒன்றும் தெரியாது. ஈகிள்ஸ் லைனின் நடுவில் நிற்கும் ஃபிளெச்சர் காக்ஸைக் காட்டி, "மாப்ளே, இந்த 91ஆம் நம்பர் ஓடவே இல்லையே, எதுக்கு இவருக்கு இவ்வளவு சம்பளம்?" என்றார். ரெண்டு பேர் தள்ளியும் நகராமல் நிற்கிறாரே, அதற்குத்தான் என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஓ, கபடியில கால் புடிக்கிறவன் மாதிரியா? அவன் அசையாம இருந்தாத்தான் மத்தவன் மேல விழ முடியும்" என்றார். இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்கு நடுவில் நிற்கும் டிஃபென்ஸிவ் டேக்கிளை விளக்கியதில்லை.

மூன்றாவதாக, ஆட்டம் எதிர்ப் பக்கம் போகும்போது அவர் என்ன செய்கிறார்? துரத்துகிறாரா, நிமிர்ந்து நின்று வேடிக்கை பார்க்கிறாரா? எத்தனையாவது ஸ்னாப்பில் (ஒவ்வொரு முறை பந்து ஆட்டத்துக்கு வருவதும் ஒரு ஸ்னாப்) ஓய்வு கேட்டுக் கையைத் தூக்குகிறார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த கேள்விக்கு அந்த எண் வேண்டும்.

சாக் எண்ணிக்கை எப்படி ஏமாற்றும் என்பதற்கு 2022 ஈகிள்ஸே போதும். அந்த சீசனில் 70 சாக். ரெடிக் 16, ஸ்வெட், ஹார்கிரேவ், கிரஹாம் மூவரும் ஆளுக்கு 11. ஒரே அணியில் நாலு பேர் பத்தைத் தொட்டது லீக் வரலாற்றில் அதுவே முதல்முறை. அந்தக் கூட்டம் லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் சீஃப்ஸுக்கு எதிராக எடுத்த சாக் பூஜ்யம். 38-35 என்று தோற்றுவிட்டு வந்தோம்.

ஆள் நல்லவரா என்று கேட்காதீர்கள், எத்தனை ஸ்னாப்புக்கு நல்லவர் என்று கேளுங்கள்

என் பந்தயம் கவிழ்ந்த இடம் இதுதான். வயதையும் காயத்தையும் பார்த்தேனே தவிர, கிரஹாமை எப்படி ஆடவைக்கப் போகிறார்கள் என்று யோசிக்கவே இல்லை. அந்த வருடம் அவர் அணியின் ஸ்னாப்புகளில் பாதிகூட ஆடவில்லை. எதிரணித் தடுப்பாளர் ரெடிக்கோடும் ஸ்வெட்டோடும் மல்லுக்கட்டிக் களைத்த பிறகு இவர் புதிதாக உள்ளே வருவார். முப்பது ஸ்னாப்பில் புலியாக இருக்கும் ஆளை அறுபது ஸ்னாப்புக்கு நிறுத்தினால் இரண்டாவது முப்பதும் வீண், அடுத்த வாரமும் வீண்.

இதன் மறுபக்கத்தையும் அதே சீசனில் பார்த்தோம். நடுவில் நிற்கும் பெரிய பையன் ஜோர்டன் டேவிஸ் கணுக்காலில் அடிபட்டு வெளியே போனார். நவம்பர் 14 அன்று வாஷிங்டன் வந்து, 60 நிமிட ஆட்டத்தில் 40 நிமிடம் பந்தைத் தன் கையில் வைத்துக்கொண்டது. ஓட்டம், ஓட்டம், ஓட்டம். காக்ஸும் ஹார்கிரேவும் மாற்றாள் இல்லாமல் திரும்பத் திரும்ப இரண்டு பேருக்கு நடுவே சிக்கி நின்றார்கள். அதுவரை எட்டு ஆட்டமும் ஜெயித்திருந்த அணி 32-21 என்று தோற்றது.

அந்த வாரமே ஈகிள்ஸ் 34 வயது லின்வல் ஜோசஃபையும் 35 வயது இன்டாமுகாங் சூவையும் கூப்பிட்டு எடுத்தது. இருவரும் எந்த அணியிலும் இல்லாமல் வீட்டில் இருந்தவர்கள். அடுத்த ஞாயிறு கோல்ட்ஸுக்கு எதிராக இருவரும் சேர்ந்தே ஒரு சாக் எடுத்தார்கள், ஆளுக்குப் பாதி. ஆட்டம் 17-16. அந்த இரண்டு பெரியவர்களும் முக்கியமாகச் செய்தது காக்ஸுக்கு மூச்சு வாங்க நேரம் கொடுத்ததுதான்.

ஆகவே ஒரு தாளை எடுத்து, லைனில் ஆடக்கூடிய எட்டுப் பேரை எழுதுங்கள். ஆட்டத்துக்குச் சுமார் 60 முதல் 65 ஸ்னாப் என்று வைத்துக்கொண்டு பங்கு பிரியுங்கள். நம் பெரியவருக்கு 35க்குள் வந்தால் மேலே படியுங்கள். அதைத் தாண்டினால் பிரச்சினை அவரிடம் இல்லை, அவருக்குப் பின்னால் ஆள் இல்லை. அவரை மறுபடி எடுப்பதால் அது தீராது.

காசு

காக்ஸின் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். 2022 மார்ச்சில் அவர் ஒப்பந்தப்படி அந்த வருடச் சம்பளமான 18 மில்லியன் டாலர் உறுதியாகப்போகும் நாள் நெருங்கியது. அதற்கு முன்பே, மார்ச் 17 அன்று, அணி அவரை விடுவித்தது. பத்து வருடம் ஆடிய ஆளை இப்படியா என்று ஊரெல்லாம் திட்டு. இரண்டே நாளில் 14 மில்லியனுக்கு ஒரு வருட ஒப்பந்தம். அந்த சீசனில் ஏழு சாக். 2023இல் மறுபடி ஒரு வருடம், இம்முறை 10 மில்லியன். ஐந்து சாக். 2024 மார்ச்சில் 33 வயதில் ஓய்வு.

விலை எப்படி இறங்குகிறது பாருங்கள். 2022இல் ஒரு அணி மொத்தம் செலவழிக்கக்கூடிய கேப் 208.2 மில்லியன், அதில் 14 என்பது ஏறக்குறைய 6.7 சதவீதம். 2023இல் கேப் 224.8, அதில் 10 என்பது சுமார் 4.4. என் விதி இதுதான்: ஒரு நேரத்தில் ஒரே வருடம், ஒவ்வொரு வருடமும் சதவீதம் இறங்க வேண்டும். போன வருடத்து எண்ணைக் காட்டி ஏற்றிக் கேட்டால் வழியனுப்பிவிடுங்கள். 11 சாக் எடுத்த கிரஹாம் அடுத்த வருடம் எடுத்தது மூன்று. அணி கொடுத்திருந்தது ஒரு வருடம் மட்டும் என்பதால் யாருக்கும் வயிறு எரியவில்லை.

அதே 2023 மார்ச்சில் 30 வயது ஹார்கிரேவை விட்டுவிட்டார்கள். சான் பிரான்சிஸ்கோ நைனர்ஸ் அணி அவருக்கு நாலு வருடம், 84 மில்லியன் எழுதிக் கொடுத்தது. முதல் வருடம் நன்றாகவே ஆடினார். இரண்டாவது வருடம் மூன்று ஆட்டத்தோடு மேல்கையின் பின்பக்கத் தசையான டிரைசெப்ஸ் கிழிந்தது. 2025 மார்ச்சில் விடுவித்துவிட்டார்கள். 32 வயதுக்காரரை வைத்துக்கொண்டு 30 வயதுக்காரரை விட்டது அன்றைக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது, எனக்கும்தான்.

வாய்டு இயர் என்று ஒரு வித்தை உண்டு; செய்தியில் வரும் தொகையை நம்பி ஏமாறாமல் இருக்க அது தெரிந்திருக்க வேண்டும். கற்பனையாக 11 மில்லியன் ஒப்பந்தம் ஒன்று: சம்பளம் 1, கையெழுத்துப் போனஸ் 10. ஆள் ஆடப்போவது ஒரு வருடம். காகிதத்தில் மட்டும் இன்னும் நாலு வருடத்தைச் சேர்ப்பார்கள். போனஸ் ஐந்து வருடத்துக்குப் பிரிந்து வருடத்துக்கு 2 ஆகும். இந்த வருடக் கேப்பில் ஏறுவது 3 மில்லியன்தான். அடுத்த மார்ச்சில் அந்தப் பொய் வருடங்கள் காலாவதியானதும் மிச்சம் 8 மில்லியன் ஒரே மூட்டையாக வந்து இறங்கும்; ஆள் இல்லாமலே கேப்பில் ஏறும் அந்தத் தொகைதான் டெட் கேப். வட்டியில்லாத் தவணை மாதிரி. கேப் 2024இல் 255.4, 2025இல் 279.2 என்று ஏறிக்கொண்டே போவதால் தள்ளிப்போடுவதில் லாபம் உண்டு. ஆனால் நாலு பெரியவர்களுக்கு இப்படிச் செய்தால் ஒரு மார்ச்சில் நாலு மூட்டையும் சேர்ந்து விழும்.

எனக்குப் பிடித்தது ஊக்கத்தொகை. போன வருடம் ஐந்து சாக் எடுத்தவருக்கு ஆறு எடுத்தால் கூடுதலாக ஒரு மில்லியன் என்று எழுதலாம். போன வருடம் எட்டாத இலக்கு என்பதால் இந்த வருடக் கேப்பில் அது ஏறாது; எடுத்துவிட்டால் அடுத்த வருடக் கணக்கில் கழித்துக்கொள்வார்கள். ஆடவந்த ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இவ்வளவு என்று போடுவது அதைவிட நல்லது. குறைந்தபட்சச் சம்பளத்துக்கே வருகிறார் என்றால் யோசிக்கவே வேண்டாம். 2025இல் ஏழு வருடமோ அதற்கு மேலோ ஆடியவருக்கு அது 12.55 லட்சம் டாலர். ஒரு வருட ஒப்பந்தமானால் கேப்பில் 10.3 லட்சம்தான் ஏறும்.

அவசரமும் வேண்டாம். அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் முடிந்து சில நாள் கழித்து எடுக்கும் ஆட்கள் ஈட்டுத் தேர்வுக் கணக்கில் (விட்டுப்போன ஆட்களுக்கு ஈடாக அணிக்குக் கிடைக்கும் கூடுதல் டிராஃப்ட் வாய்ப்பு) வரமாட்டார்கள். அதனால் மே, ஜூனில் விலை படியும். லைன்மேன் கலாய்ஸ் கேம்ப்பெல் மயாமியில் சேர்ந்தது 2024 ஜூனில். 38 வயதில் ஐந்து சாக் எடுத்தார்.

காயம், வாரிசு, பாசம்

காயத்தில் எந்த இடம் என்று மட்டும் பாருங்கள். ஒருமுறை வந்து ஆறியது வேறு, வருடாவருடம் திரும்பி வருவது வேறு. ஸ்டீலர்ஸின் கேமரன் ஹேவர்டு 2023இல் தொடை இடுக்குக் காயத்தோடு 11 ஆட்டம்தான் ஆடினார், இரண்டு சாக். முடிந்தது கதை என்றார்கள். அடுத்த வருடம் 35 வயதில் எட்டு சாக், லீக்கின் அந்த வருடச் சிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியலான ஆல்-ப்ரோவின் முதல் அணியில் இடம். அதைப் பார்த்த பிறகு ஒரு மோசமான வருடத்தை வைத்து நான் யாரையும் கழித்துக்கட்டுவதில்லை. இரண்டு வருடம் தொடர்ந்தால் கழிப்பேன்.

வாரிசு இருக்க வேண்டும். காக்ஸின் கடைசி இரண்டு வருடமும் செல்லுபடியானதற்குக் காரணம், 2022இல் டேவிஸையும் 2023இல் ஜேலன் கார்ட்டரையும் டிராஃப்டின் முதல் சுற்றிலேயே எடுத்துவிட்டார்கள். அவர் ஓய்வு பெற்ற அடுத்த சீசனில் ஈகிள்ஸ் சூப்பர் பவுலை 40-22 என்று ஜெயித்தது. காக்ஸுக்குக் கீழே வளர்ந்த மில்டன் வில்லியம்ஸ் அதில் இரண்டு சாக் எடுத்தார்.

பாசத்தைப் பற்றி என்ன சொல்ல. 2018 பிப்ரவரி சூப்பர் பவுலில் எதிரணி குவார்ட்டர்பேக் டாம் பிரேடியின் கையிலிருந்து பந்தைத் தட்டிவிட்ட கிரஹாமின் கையை இந்த ஊர் மறக்காது. நானும் அன்றைக்கு சோபாவிலிருந்து குதித்தவன்தான். ஆனால் அந்தப் பந்துக்கு ஏற்கெனவே சம்பளம் கொடுத்தாயிற்று. பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பார் என்பதும் மற்றதெல்லாம் சமமாக இருந்தால் மட்டும் சேர்க்க வேண்டிய புள்ளி. சொல்லிக்கொடுக்கப் பயிற்சியாளர் இருக்கிறார்.

2025 மார்ச்சில் கிரஹாம் கண்ணீரோடு ஓய்வு அறிவித்தார். அக்டோபரில் எட்ஜில் ஆடிக்கொண்டிருந்த ஸடேரியஸ் ஸ்மித் திடீரென்று ஓய்வு பெற, 37 வயது கிரஹாமை மறுபடி கூப்பிட்டார்கள். செய்தி வந்த அன்று நண்பர் என் மேசைக்கு வந்து நின்றார். நான் தாளை எடுத்தேன். மிச்சமிருப்பது பாதி சீசன். ஸ்னாப் குறைவு. முன்னால் இளசுகள் இருக்கிறார்கள். முந்தைய வருடம் கிழிந்த டிரைசெப்ஸ் சூப்பர் பவுலில் மறுபடி கிழிந்தது மட்டும் உறுத்தியது. எடுக்கலாம் என்றேன்.

"பந்தயம்?" என்றார்.

இந்த முறை எண் எதுவும் சொல்லவில்லை. பிரியாணி வேண்டுமென்றால் நேராகவே கேளுங்கள், ஞாயிற்றுக்கிழமை செய்து தருகிறேன் என்றேன்.