லூயிஸ், கிளார்க் நாட்குறிப்புகளைப் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1805 நவம்பர் 7. கொலம்பியா ஆற்றில் மூடுபனிக் காலை. எல்க் மான் தோலில் கட்டிய நோட்டில் திசையும் மைல் கணக்கும் குறிக்கும் இடத்தில் வில்லியம் கிளார்க் எழுதினார்: "கடல் தெரிகிறது! ஓ, என்ன ஆனந்தம்!" மெரிவெதர் லூயிஸோடு சேர்ந்து ஒரு பயணக் குழுவை நடத்தி, அமெரிக்காவின் குறுக்கே பசிபிக் கடலை எட்ட ஒன்றரை ஆண்டுக்கு முன் புறப்பட்ட ஒருவர் எழுதியது என்று தெரிந்து படித்தால் உடம்பு சிலிர்க்கும். ஆனால் அன்று அவர்கள் தங்கிய இடத்திலிருந்து பசிபிக் கடல் இன்னும் சுமார் 20 மைல் தள்ளி இருந்தது. அவர் கண்டது கடல் போல அகன்று விரிந்த கழிமுகத்தை.

இந்த ஒரு வரியை வைத்து "நவம்பர் 7-ல் கடலை அடைந்தார்கள்" என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அதே நாளைப் பற்றிக் கிளார்க் இன்னொரு நோட்டிலும் எழுதியிருக்கிறார். பாறைக் கரையில் அலை மோதும் ஓசை தெளிவாகக் கேட்கிறது என்று அங்கே சொல்கிறார். நடுவே அடைப்புக்குறிக்குள் சின்னதாக ஒன்றைச் சேர்க்கிறார்: அலையோசை என்பது தன் ஊகம்தான் என்று. அந்த அடைப்புக்குறியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். கண்டது, கேட்டது, ஊகித்தது என்று மூன்றாகப் பிரித்துப் படிக்கக் கற்றுத்தருவதே அதுதான். நான் இந்த நாட்குறிப்புகளைப் படிக்கும்போது பென்சிலால் ஓரத்தில் இந்த மூன்றையும் குறித்துக்கொண்டே போவேன். நம்பி வந்த பல செய்திகள் 'கேட்டது' பக்கம் நகர்ந்துவிடும்.

அடுத்த தவறு, இருவர் எழுதியிருப்பதால் இரண்டு சாட்சி என்று எண்ணுவது. மெரிவெதர் லூயிஸ் எல்லா நாளும் எழுதவில்லை. 1805 ஆகஸ்ட் கடைசியிலிருந்து அந்த ஆண்டு முடியும்வரை அவர் எழுதியதாகச் சில துண்டுகளே கிடைத்திருக்கின்றன. ஆகவே கடல் வந்த கதையை இரு தலைவர்களில் கிளார்க் கண் வழியாகத்தான் பார்க்கிறோம். 1806 ஜனவரியில், கிளாட்சப் கோட்டையில் குளிர்காலத்தைக் கழித்தபோது, லூயிஸ் மறுபடி எழுதத் தொடங்கினார். கிளார்க் அதைப் பெரும்பாலும் அப்படியே பார்த்து எழுதிக்கொண்டார். நோட்டு தொலைந்தாலும் செய்தி தப்ப வேண்டும் என்று நினைத்தால் அது புத்திசாலித்தனம்தான். ஆனால் அந்த மாதங்களில் இருவரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள் என்பது எதற்கும் ஆதாரமாகாது. ஒப்பிட வேண்டுமானால் குழுவில் இருந்த ஆர்ட்வே போன்ற சார்ஜென்ட்களின் குறிப்பைப் பாருங்கள்.

எந்தப் பதிப்பைப் படிக்கிறோம் என்பதும் முக்கியம். 1807-ல் முதலில் அச்சானது சார்ஜென்ட் பேட்ரிக் கேஸின் குறிப்பு. அதை ஒரு பதிப்பாளர் திருத்தி மெருகேற்றிவிட்டார், மூலம் கிடைக்கவில்லை. அந்த நடையை வைத்து கேஸ் எப்படிப்பட்டவர் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. 1814-ல் நிக்கலஸ் பிடில் தொகுத்த பதிப்போ எல்லாக் குறிப்புகளையும் ஒரே கதையாகக் கோத்துவிட்டது. செடி, விலங்கு பற்றிய பகுதி பெரும்பாலும் அதில் இல்லை; தனித் தொகுதியாக வரவேண்டியது, வரவே இல்லை. அதை மட்டும் படித்துவிட்டு "இவர்களுக்கு இயற்கை அறிவியலில் அக்கறை இல்லை" என்று சொல்வது பெரிய அநியாயம்.

சொற்களிலும் கவனம் வேண்டும். அவர்கள் 'ஆடு' என்று எழுதியது பெரும்பாலும் ப்ராங்ஹார்ன் என்ற மான் போன்ற விலங்கு. 'வெள்ளைக் கரடி' என்றால் கிரிஸ்லி கரடி. 'குரைக்கும் அணில்' என்பது புல்வெளி நாய் என்று இன்று அழைக்கப்படும் வளைவாழ் விலங்கு. 'பாம்பு இந்தியர்' என்றால் ஷோஷோனி மக்கள்.

சரி, வரைபடத்துக்கு வருவோம். இங்கேதான் அதிகம் வழுக்கி விழுகிறோம். கிளார்க் வரைந்த பெரிய வரைபடம் 1814 பதிப்போடு அச்சில் வந்தது. அதை அச்சுக்கு வரைந்து தந்தவர் சாமுவேல் லூயிஸ். பெயரைப் பார்த்து மெரிவெதர் லூயிஸ் என்று நினைத்துவிட வேண்டாம், அவர் 1809-லேயே இறந்துவிட்டார். அந்த வரைபடத்தில் மல்ட்னோமா என்றொரு பெரிய ஆறு தென்கிழக்கே வெகுதூரம் உள்நாட்டுக்குள் போகிறது. இன்று அதன் பெயர் வில்லமெட். உண்மையில் அது அவ்வளவு நீளமே இல்லை. 1806 ஏப்ரலில் கிளார்க் அதன் வாய்ப்பகுதியில் சில மைல் மட்டும் ஏறிப் பார்த்துத் திரும்பினார். மீதியெல்லாம் கேள்விப்பட்டதையும் ஊகத்தையும் வைத்துப் போட்டது. ஆனால் தாளில் எல்லாக் கோடும் ஒரே மைதான். பயணக் குழு நடந்த தடத்தைத் தனியாகத் தொட்டுக்கொண்டே போய், அதைவிட்டு விலகும் ஒவ்வொரு கோட்டிடமும் "உன்னைப் பற்றி யார் சொன்னார்கள்?" என்று கேளுங்கள்.

அந்தக் கேள்விக்குப் பல இடங்களில் விடை, அங்கே காலங்காலமாக வாழ்ந்த மக்கள் என்பதுதான். 1805 ஜனவரி 7-ல் மாண்டன் பழங்குடி மக்களின் தலைவர் ஷெஹேகே, மேற்கே மலைகள் வரையுள்ள நாட்டைக் கிளார்க்குக்கு வரைந்து காட்டினார். அந்த ஜூனில் மிசூரி ஆறு இரண்டாகப் பிரியும் இடத்தில் குழு திகைத்து நின்றது. தெற்குக் கிளைதான் மிசூரி என்பது, ஹிடாட்சா மக்கள் சொல்லியிருந்த பெரிய அருவியை 13-ம் தேதி லூயிஸ் கண்டபோது உறுதியானது. ஆகவே 'கண்டுபிடித்தார்கள்' என்று எழுதும்முன் யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள் என்று பார்ப்பது நேர்மை. குழுவோடு வந்த ஷோஷோனிப் பெண் சககவேயாவை முழு வழிக்கும் வழிகாட்டி ஆக்கிவிடுவது அதன் மறுபக்கத் தவறு. அவர் பெரும்பாலும் மொழிபெயர்த்தார். தன் மக்களின் நிலம் வந்தபோது அடையாளம் காட்டினார், திரும்பும் வழியில் கிளார்க்குக்குக் கணவாயைக் காட்டினார். அந்த உண்மையே போதுமான அளவு பெரியது.

அப்புறம், பழைய வரைபடத்தை இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் போட்டுப் பார்த்து, "கிளார்க் தப்பாக வரைந்துவிட்டார்" என்று அவசரப்படாதீர்கள். காம்பஸ் காட்டும் வடக்கு உண்மையான வடக்கு அல்ல, தூரம் கண்மதிப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆறே இடம் மாறியிருக்கிறது. 1865-ல் ஒமாஹா நகருக்கு வடக்கே மிசூரியில் மூழ்கிய பெர்ட்ராண்ட் என்ற நீராவிப் படகை 1968-ல் கண்டெடுத்தபோது அது தண்ணீருக்குள் இல்லை. பழைய ஆற்றுப்படுகை தரையாகிப் போன இடத்தில், மண்ணுக்குள் ஆழமாகப் புதைந்து கிடந்தது.