சிகிச்சை தொடங்குமுன் பல்லைக் காட்டுங்கள்

கிளிநொச்சியிலிருந்தோ முல்லைத்தீவிலிருந்தோ புற்றுநோய்ச் சிகிச்சைக்காகத் தெல்லிப்பழைக்கோ மகரகமவுக்கோ அனுப்பப்படும் ஒருவருக்கு, நோய் உறுதியான நாளுக்கும் சிகிச்சை தொடங்கும் நாளுக்கும் இடையில் கிடைக்கும் காலம் ஸ்கேனிலும் குருதிப் பரிசோதனையிலும் பஸ் பயணத்திலுமே கழிந்துவிடுகிறது. பல் வைத்தியரைப் பார்க்க வேண்டிய காலமும் அதுதான். அதற்காக நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. கிளினிக் கொப்பியையும் என்ன சிகிச்சை எப்போது தொடங்கும் என்ற விபரத்தையும் எடுத்துக்கொண்டு, அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் பல் சிகிச்சைப் பிரிவுக்குச் சென்றால் போதும்.

வாய், தொண்டை, கழுத்துப் பகுதிகளுக்குக் கதிர் சிகிச்சை பெறவிருப்பவர்கள் இதில் ஒரு நாளையும் வீணாக்கக் கூடாது. காப்பாற்ற முடியாத சூத்தைப் பற்களைப் பிடுங்குவதாயின், புண் ஆறுவதற்குக் குறைந்தது இரண்டு வாரங்களேனும் விட்டே கதிர் சிகிச்சை தொடங்கப்பட வேண்டும். கதிர் பட்ட தாடை எலும்பில் குருதியோட்டம் குன்றிவிடுவதால், பின்னர் பல் பிடுங்கினால் அந்தக் காயம் ஆறாமல் எலும்பே பட்டுப்போகக்கூடும். கீழ்த் தாடைக்கே இந்த ஆபத்து அதிகம். கீமோ மருந்து ஏற்றவிருப்பவர்களுக்கு, பல் பிடுங்கிய பின் ஏழு முதல் பத்து நாள் இடைவெளி பொதுவாகப் போதுமானது. எலும்புக்குப் பரவிய நோய்க்குச் சொலெட்ரோனிக் அமில ஊசி போடவிருப்பவர்களும் முதலில் பல்லைக் காட்டிவிட வேண்டும், ஏனெனில் அம்மருந்தும் தாடை எலும்பைப் பாதிக்கக்கூடியது.

சிகிச்சைக் காலத்தில் மிக மென்மையான பிரஷை வெந்நீரில் சற்று நனைத்து, ஒவ்வொரு உணவுக்குப் பின்னும் படுக்கைக்கு முன்பும் துலக்குங்கள். உமிக்கரி, வேப்பங்குச்சி, பல் குத்தும் ஈர்க்கு ஆகியவற்றை இக்காலத்தில் விட்டுவிட வேண்டும். கீமோ மருந்து ஏற்றி ஏழு முதல் பதினான்கு நாட்களில் வெண்குருதிக் கலங்கள் மிகவும் குறைந்திருக்கும்போது, பல் முரசில் விழும் சிறு கீறலும் கிருமிக்கு வாசலாகிவிடும். ஒரு கிளாஸ் இளஞ்சூட்டு நீரில் கால் தேக்கரண்டி அப்பச்சோடாவும் அதில் பாதியளவு உப்பும் கலந்து, நாளில் பலமுறை கொப்புளித்து, பிறகு வெறும் நீரால் அலசுங்கள். கிணற்று நீராயின் கொதிக்கவைத்து ஆறிய பின்னரே பயன்படுத்துங்கள். அற்ககோல் கலந்த வாய்கழுவிகள் புண்ணை எரியவைக்கும். கட்டுப்பல் அணிபவர்கள் இரவில் அதைக் கழற்றிவிட வேண்டும். வாயில் வெண்படலம் தோன்றினால் கிளினிக்கில் காட்டுங்கள். காய்ச்சல் 38 பாகை செல்சியசைத் தொட்டால் விடியும்வரை காத்திருக்காமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

உமிழ்நீர்ச் சுரப்பிகளில் கதிர் பட்டால் வாய் வறண்டு, முரசோரமாகப் பற்கள் வேகமாகச் சூத்தையாகும். நா வறட்சிக்கு நம்மவர்கள் நாடுவது பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கும் தேநீர். பனங்கட்டி உடம்புக்கு நல்லது என்று எத்தனை பேர் சொன்னாலும், பல்லுக்கு அதுவும் சீனிதான். இடையிடையே வெறும் நீரை மிடறு மிடறாகக் குடிப்பதே நல்லது. வெற்றிலை, பாக்கு, புகையிலையை அடியோடு நிறுத்த வேண்டும். புகையிலை இல்லாத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும்.

வறண்ட வாய்க்கு வலுவான காவல் புளோரைட்டே. இதில் வன்னிக்கே உரிய ஒரு தயக்கத்தைக் காண்கிறேன். வவுனியா உட்பட இப்பகுதியின் பல கிணறுகளில் புளோரைட் கூடுதலாக இருப்பதால், பல்லில் கறை விழுந்தவர்கள் அந்தப் பெயரைக் கேட்டாலே பின்வாங்குகிறார்கள். அந்தக் கறை, சிறு வயதில் பல் உருவாகும்போது குடித்த நீரால் வந்தது. வளர்ந்தவருடைய பல்லின்மேல் பூசும் பசையால் அது வராது. ஆகவே, வைத்தியர் புளோரைட் செறிவு கூடிய (5000 பிபிஎம்) பற்பசையைப் பரிந்துரைத்தால் அஞ்சாமல் பயன்படுத்துங்கள். துலக்கிய பின் நுரையைத் துப்பினால் போதும், நீரால் கொப்புளிக்க வேண்டாம்.

தாடைத் தசை இறுகாதிருக்க, வலியில்லாத அளவுக்கு வாயை நன்றாகத் திறந்து மூடுவதை இருபது முறை, நாளுக்கு மூன்று வேளை செய்யுங்கள்.

கதிர் பட்ட தாடையின் பலவீனம் ஆயுள் முழுவதும் நீடிக்கும். கதிர் சிகிச்சையின் அளவும் இடமும் எழுதப்பட்ட கடிதத்தைப் பிரதியெடுத்துப் பொலித்தீன் உறையில் வைத்திருங்கள். பத்து ஆண்டுகள் கழித்துப் பல் வலிக்குச் சென்றாலும், வைத்தியர் பல் பிடுங்கும் குறட்டைக் கையில் எடுக்குமுன் அதைக் காட்டுங்கள்.