சரியாகிட்டான்ல, இனி எதுக்கு? – ஏடிஎச்டி பிள்ளைகள் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்துப் பள்ளிகளுக்குப் புதிதாக வருகிற ஆசிரியர்களையும் சிறப்பாசிரியர்களையும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஏடிஎச்டி, அதாவது கவனம் நிலைக்காமலும் அளவுக்கு மீறிய துடிப்போடும் இருக்கிற நிலை, உள்ள பிள்ளைகளிடம் நாங்கள் தொடக்கத்தில் எங்கெங்கே சறுக்கினோமோ, அதே இடங்களில்தான் அவர்களும் சறுக்குகிறார்கள். அடிக்காதீர்கள், எல்லார் முன்னாலும் திட்டாதீர்கள், கடைசி பெஞ்சில் தள்ளாதீர்கள் என்பதெல்லாம் எல்லாப் பயிற்சியிலும் சொல்லிவிடுகிறார்கள். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமே பிள்ளைகளை அடிப்பதையும் மனம் நோகப் பேசுவதையும் தடை செய்திருக்கிறது. அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன். நல்ல மனசோடு, பிள்ளை மேல் அக்கறையோடு செய்கிற தவறுகள்தான் என்னை அதிகம் வருத்துகின்றன.

டீச்சரே பெயர் சூட்டுவது

ஒரு பையன் பெஞ்சில் உட்காராமல் சுற்றுகிறான் என்றதும் "இவனுக்கு ஏடிஎச்டி" என்று ஸ்டாஃப் ரூமில் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது மருத்துவர் சொல்ல வேண்டியது. 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் தெரிந்திருக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், வீடு, பள்ளி என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பிள்ளையைப் பாதித்திருக்க வேண்டும். கணக்கு பீரியடில் மட்டும் ஆடுகிற பையனுக்குக் கணக்குதான் பிரச்சினையாக இருக்கலாம்.

அதற்கும் முன்னால் காது, கண், இரத்தசோகை மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் தூக்கம். நம் கரையோர வீடுகளில் படகு திரும்புகிற நாளில் விடியுமுன்பே வீடு மொத்தமும் எழுந்துவிடும், பிள்ளையும் எழுந்துவிடும். தூக்கம் போதாத சின்னப் பிள்ளை பெரியவர்களைப் போலச் சோர்ந்து உட்காராது, தலைகால் தெரியாமல் ஆடும். எத்தனை மணிக்குப் படுக்கிறான், எத்தனை மணிக்கு எழுகிறான் என்று ஒரு வாரம் அம்மாவைக் குறித்து வைக்கச் சொன்னாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

சத்தம் போடாத பெண்பிள்ளையை மறந்துவிடுவது

சேட்டை செய்கிற பையனைப் பற்றி எல்லாரும் என்னிடம் பேசுகிறார்கள். ஜன்னல் ஓரம் அமைதியாக உட்கார்ந்து, பாதி வாக்கியத்தில் பென்சிலை நிறுத்திவிட்டு எங்கோ போய்விடுகிற பெண்ணைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஓட்டம் இல்லாமல் கவனம் மட்டும் நழுவுகிற வகையும் ஏடிஎச்டிதான். பெண்பிள்ளைகளிடம் அது கண்டுபிடிக்கப்படாமலே போய்விடுவது அதிகம். ஒன்று மட்டும் உற்றுப் பாருங்கள்: சில விநாடி அப்படியே உறைந்து, தோளைத் தொட்டாலும் உணராமல், கண் சிமிட்டிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்கிறாள் என்றால் அது ஒருவகை வலிப்பாகக்கூட இருக்கலாம். உடனே டாக்டரிடம் அனுப்புங்கள்.

ஒரே மூச்சில் நாலு வேலை

"நோட்டை எடு, தேதி போடு, 42-ஆம் பக்கம் திற, மூணாவது கணக்கைப் போடு." பையை ஜிப் திறக்கும்போதே மீதி மூன்றும் அவன் மனதை விட்டுப் போயிருக்கும். ஒன்று சொல்லுங்கள், அவன் செய்யும்வரை பக்கத்தில் நில்லுங்கள், அப்புறம் அடுத்தது.

விளையாட்டு பீரியடைப் பிடுங்குவது

வேண்டாம். ஓடிவிட்டு வந்தால்தான் அடுத்த பீரியடில் உட்காருவான்.

சரியாகிட்டான்ல, இனி எதுக்கு?

பிள்ளை தேறியதும் கொடுத்த உதவியை நிறுத்திவிடுவது. மேலே சொன்னவற்றை எல்லாம் சேர்த்தாலும் இந்த ஒன்றின் அளவுக்குச் சேதம் வராது.

தினசரி அட்டை என்று ஒரு முறை இருக்கிறது. பல ஆய்வுகளில் நன்றாகச் சோதித்துப் பார்த்த முறை. காசு கொடுத்து அச்சடிக்க வேண்டியதில்லை. தினக்காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கமே போதும், அதில் ஒரு வசதி, முன்பக்கத்தில் தேதியும் இருக்கிறது. மூன்று வரி எழுதுகிறோம். "கணக்கில் 4 கணக்கு முடித்தேன்." "கையைத் தூக்கிவிட்டுப் பேசினேன்." "ஹோம்வொர்க்கை டைரியில் எழுதினேன்." ஒவ்வொரு பீரியட் முடிவிலும் டீச்சர் ஒரு டிக் போடுகிறார், சாயங்காலம் அம்மா எண்ணிப் பார்க்கிறார், பேசி வைத்த அளவு டிக் வந்திருந்தால் அன்றைக்கே ஒரு சின்னச் சலுகை: கரையில் அரைமணி கூடுதல் விளையாட்டு, அப்பா வீட்டில் இருக்கும் நாளென்றால் அவரோடு ஒரு ஆட்டம் கேரம். செய்யாதே, பேசாதே என்று ஏழெட்டு வரி எழுதிவிடாதீர்கள். இப்போது 3 கணக்கு போடுகிறவனுக்கு 4 என்று எழுதுங்கள். 10 என்று எழுதினால் முதல் நாளே தோற்றுவிடுவான்.

சரி, இது வேலை செய்கிறது. வேலை செய்வதுதான் ஆபத்து. மூன்று நான்கு வாரத்தில் பையன் கண்ணுக்குத் தெரிய மாறுகிறான், எல்லாரும் சந்தோஷப்படுகிறோம், அடுத்த திங்கட்கிழமை தாளைக் காணோம். "பழகிட்டான் மேடம், இனி தானா செய்வான்" என்கிறார்கள். படகு ஆடாமல் நிற்கிறதே என்று நங்கூரத்தைத் தூக்குகிற கதைதான் இது.

அவன் பழகவில்லை என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். நேரம் போவதை உணர்வது, அடுத்து என்ன என்று தனக்குத் தானே நினைவூட்டிக்கொள்வது, கைவேலையை முடிக்கும்வரை பிடித்து நிற்பது, இதெல்லாம்தான் இந்தப் பிள்ளைகளுக்கு உள்ளுக்குள் பலவீனமாக இருக்கிறது. அந்த வேலையைத்தான் தாளும் டிக்கும் சாயங்காலச் சலுகையும் வெளியே நின்று செய்கின்றன. எடுத்துவிட்டால் அந்த இடம் காலி.

நான்காம் வகுப்புப் பையன் ஒருவன். அப்பா விசைப்படகில், அம்மா கடல்பாசி எடுக்கப் போகிறவர். பொங்கலுக்குப் பிறகு தொடங்கினோம், பிப்ரவரி முடிவதற்குள் கணக்கு நோட்டு நிறைந்துகொண்டிருந்தது, தாள் நின்றது. அம்மாவும் "இப்பத்தான் நல்லாருக்கானே டீச்சர், இன்னும் எதுக்கு இந்தத் தாளு?" என்றார். பதினைந்து நாளில் நோட்டு பழையபடி வெறும் தேதியோடு திரும்பி வந்தது. அதற்குப் பிறகு ஸ்டாஃப் ரூமில் கேட்டதுதான் என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியாத பேச்சு: "முடியும்னு அவனே காட்டிட்டானே. இப்போ செய்யலேன்னா கொழுப்புதானே?"

பாருங்கள், முன்பாவது "பாவம், முடியவில்லை" என்ற நினைப்பு இருந்தது. உதவி கொடுத்து அவன் நன்றாகச் செய்த அந்த ஒன்றரை மாதமே அவனுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. உதவியை நிறுத்தியது நாம், குற்றவாளி அவன். இதைக் கேட்கும்போது எனக்கு வருகிற கோபம் இன்னும் அடங்கவில்லை.

நம் கரையில் இதற்கு ஒரு பருவமும் உண்டு. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்பா வீட்டில் இருக்கிறார், சாப்பாடும் தூக்கமும் ஒரு நேரத்துக்கு வருகிறது, பிள்ளையும் நிதானமாகிறான், வீட்டில் இருந்த கொஞ்சநஞ்ச ஒழுங்கையும் "சரியாகிட்டான்" என்று விட்டுவிடுகிறோம். ஜூனில் படகு இறங்குகிறது, பள்ளி திறக்கிறது, புது வகுப்பு, புது டீச்சர், எல்லாம் ஒன்றாக. அந்தப் பையனுக்கும் அதுதான் நடந்தது. ஐந்தாம் வகுப்பு டீச்சருக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. மறுபடி தாளை நீட்டியபோது அவன் கையை நீட்டவில்லை. "இதுவும் கொஞ்ச நாள்தானே டீச்சர்" என்றான். முதல் தடவை மூன்று வாரத்தில் வந்த மாற்றம் இரண்டாம் தடவை வர தீபாவளி தாண்டிவிட்டது.

நிறுத்தவே கூடாதா என்று கேட்பீர்கள். குறைக்கலாம், பிடுங்கக் கூடாது. நன்றாகப் போகிற ஒரு வரியை எடுத்துவிட்டு வேறொன்றை எழுதுங்கள். பீரியடுக்கு ஒரு டிக் என்பதை அரை நாளுக்கு ஒன்றாக்குங்கள், பிறகு நாளுக்கு ஒன்று. தொடர்ந்து சில நாள் சரிந்தால் சத்தமில்லாமல் ஒரு படி பின்னால் வாருங்கள். சலுகை சலித்துவிடும், அதை மட்டும் அடிக்கடி மாற்றுங்கள். ஏப்ரல் கடைசி வேலைநாளுக்குள் அடுத்த வகுப்பு டீச்சருக்கு அரைப் பக்கம் எழுதி வையுங்கள்: எந்த இடத்தில் உட்கார வைத்தால் வேலை நடக்கிறது, எந்த மூன்று வரி ஓடிக்கொண்டிருக்கிறது, எந்தப் பேச்சு அவனை உடைத்துவிடுகிறது. ஜூனில் முதல் வாரமே தாள் அவன் கையில் இருக்க வேண்டும்.

"முழுப் பரீட்சையில நல்ல மார்க் எடுத்தா சைக்கிள்"

இந்தப் பிள்ளைக்கு ஏப்ரல் என்பது வெகு தூரம். இன்று சாயங்காலம் என்ன, அதைச் சொல்லுங்கள்.

சாக்லேட் மேல் பழி போடுவது

இனிப்பால் ஏடிஎச்டி வராது. பல்லுக்காகக் குறையுங்கள்.

மாத்திரையையும் அதே மாதிரி நிறுத்துவது

மாத்திரையிலும் இதே "சரியாகிட்டான்ல" வந்து நிற்கிறது. ஏடிஎச்டிக்கு டாக்டர் எழுதிக் கொடுக்கிற மெத்தில்பெனிடேட் என்ற மாத்திரை சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் வேலை தொடங்கும், சில மணி நேரத்தில் இறங்கிவிடும். அது இருக்கும்போது தெரிகிற நிதானம் குணமாகிவிட்டதற்கு அடையாளம் இல்லை. அட்டமாக்ஸெடின் என்ற இன்னொரு மருந்தின் பலன் தெரியவே சில வாரம் ஆகும், பத்து நாளில் "ஒண்ணும் ஆகலை" என்று விட்டுவிடாதீர்கள். மெத்தில்பெனிடேட் எல்லாக் கடையிலும் கிடைக்காது, அதற்குத் தனி உரிமம் வேண்டும். அதனால் தீர்ந்த பிறகு தேடாமல் முன்கூட்டியே பாருங்கள். பசி குறையலாம், எனவே காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு மாத்திரை. ஆறு வயதுக்குக் கீழே என்றால் முதலில் மாத்திரை இல்லை, பெற்றோருக்கான பயிற்சிதான். நிறுத்துவதோ அளவை மாற்றுவதோ டாக்டரிடம் பேசித்தான்.

தர்காவா, டாக்டரா என்று சண்டை போடுவது

ஏர்வாடி தர்காவுக்கு நேர்ந்துகொண்டு வந்த அம்மாவிடம் போய் வாதாடாதீர்கள். அங்கேயே பிரார்த்தனையோடு மனநல மருத்துவத்துக்கும் ஏற்பாடு இருக்கிறது. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகச் சொல்லுங்கள், முதல் தடவை முடிந்தால் கூடப் போங்கள். போகும்போது ஒரு வாரத்துத் தூக்கக் குறிப்பு, இரண்டு நோட்டு, காலண்டர் தாள்கள் கையோடு இருந்தால் டாக்டருக்கு வேலை எளிது. பள்ளியில் என்ன செய்வதென்று வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரைக் கேளுங்கள். ராத்திரியில் ஒரு அம்மா தாங்க முடியாமல் போன் செய்தால் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணைக் கொடுங்கள். எந்நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.